அதே சீட்தானா அண்ணி?

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் லிஃப்டில் ஏற மாட்டார்கள். வெளியில் யாருக்கும் தெரியாத ரகசியம் இது. மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். காலையில் போய்ப் பார்த்தால் பாதிப்பேர் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் குரலை நாள் பூராவும் கேட்டுவிட்டு, யாருக்குத்தான் அந்தப் பெட்டிக்குள் கால் வைக்க மனசு வரும்? அக்காவுக்கு முழங்கால் வலி வேறு. படிக்கு ஒரு "அம்மாடி" போட்டுக்கொண்டுதான் ஏறுவாள். ஆனாலும் படிதான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே ஒரு மணிப் பொத்தான் இருக்குமே, அதை அமுக்கினால் சுவரிலிருந்து ஒரு குரல் பேசுமில்லையா, அது அக்காவின் குரல். அவளைப் போல இரண்டு வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் கிடையாது. காபி மெஷினில் "பழுது" என்று ஒட்டிய காகிதமே பழுப்பேறிவிட்டது. எத்தனையோ பேர் வந்தார்கள், கற்றுக்கொண்டார்கள், அவளைத் தாண்டி மேலே போனார்கள். அக்கா மட்டும் சுவரோரத்து நாற்காலியிலேயே இருந்தாள்.

வேலை என்னவோ சுலபம்தான். பெயரைக் கேள், கட்டடத்தைக் கேள், மெக்கானிக்கை அனுப்பு, முடிந்தது. அக்காவுக்கு அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும். கதவு திறக்கிறவரை அவள் லைனை விட மாட்டாள். "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க" என்று யாரிடமும் சொன்னதில்லை. மெக்கானிக் எந்த நெரிசலில் நிற்கிறானோ, நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? "முதல்ல செருப்பைக் கழட்டி அது மேல உக்காருங்க, தரை சில்லுன்னு இருக்கும்" என்பாள். பிறகு பேச்சுக் கொடுப்பாள். பையில் என்ன இருக்கிறது, யார் வீட்டுக்குப் போகிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சும்மா வாயைப் பிடுங்குவாள். அழுதுகொண்டிருந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கதவு திறந்தால் அவளுக்குக் கேட்கும். பெட்டிக்குள் அமுங்கிக் கிடந்த குரல் சட்டென்று விரியும். வெளியிலிருந்து யாரோ பேசுவார்கள். அந்த நேரம் அக்கா விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். ஒரே ஒரு தட்டு. எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அந்தப் பழக்கம் அறை முழுக்கத் தொற்றிக்கொண்டது. யாராவது தட்டினால் மற்றவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆள் வெளியே வந்தாச்சு என்று தெரிந்துகொண்டு தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும்? கணவருக்கு இது "போன் எடுக்கிற வேலை". அவர் ஒரு டைல்ஸ் ஷோரூமில் விற்பனையாளர். நாள் பூராவும் கால் கடுக்க நின்று அடுத்தவர் வீட்டுக்குத் தரையும் சுவரும் காட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாளே!

தங்கை பெரிய வங்கியில் பெரிய அதிகாரி. புருஷனும் அதிகாரி, பெற்றதில் ஒன்று டாக்டர், இன்னொன்று ஆடிட்டர். அடேயப்பா, அந்த வீட்டில் வெறும் ஆள் என்று ஒருத்தரும் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். "அப்புறம் அண்ணி, இன்னும் அதே சீட்தானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். அக்காவும் சிரித்துக்கொண்டு, "ஆமா, அதே சீட்தான், குஷன் கூட மாத்தல" என்பாள். கணவர் மட்டும் சிரிக்க மாட்டார். டம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அக்காவுக்குத் தாங்காது. தன்னை என்ன சொன்னாலும் அவளுக்கு உறைக்காது. அவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அதனால்தான், புதிய மேனேஜர் பதவிக்கு அவளைக் கேட்டபோது சரி என்று தலையாட்டிவிட்டாள். கேட்டவர் மேலதிகாரி. எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டே இருப்பதால் அவர் பெயரே "டை". கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"உங்களைத் தாண்டி எத்தனை பேர் போயிட்டாங்க, எனக்கே சங்கடமா இருக்கும்மா. இந்த வாரம் கண்ணாடி ரூம்ல உக்காந்து பாருங்க. வெள்ளிக்கிழமை ஆர்டர் கையில கொடுத்துடறேன். இதுக்கப்புறம் இப்படி ஒண்ணு வராது, சொல்லிட்டேன்."

வீட்டில் சொன்னபோது கணவருக்குத் தலைகால் புரியவில்லை. வெந்நீர் வாளியிலிருந்து ஈரக்காலோடு எழுந்துபோய்த் தங்கைக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துடுங்க. கேக்கு வெட்டறோம். ஆமாமா, மேனேஜர்!" என்று அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தங்கையிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி அக்கா கேட்டதே இல்லை.

கண்ணாடி அறைக்குள் பெரிய திரை ஒன்று இருந்தது. வெளியே பேசுகிற ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு கட்டம். மூன்று நிமிடத்துக்குள் பேச்சை முடித்தால் கட்டம் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பாகப் போகிறது என்றால் மேனேஜர் ஒரு பொத்தானை அமுக்கிப் பேசுகிறவர் காதில் மட்டும் "முடிங்க" என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கை அனுப்பியாயிற்று, இனி என்ன கதை? அடுத்த ஆளை எடுக்க வேண்டாமா? இதுதான் கம்பெனியின் புதுக் கணக்கு.

வாரம் முழுக்க அக்கா "முடிங்க" என்று சொன்னாள். முதல் நாள் நாக்கு எழவில்லை. இரண்டாம் நாள் பழகிவிட்டது; அப்படிப் பழகியதுதான் அவளுக்குக் கசந்தது. கண்ணாடிக்கு வெளியே, அவளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுப்பெண் ஒருத்தி, ரொம்ப வாயாடுவதால் "வக்கீல்" என்று பெயர் வாங்கிய ஒருவன், எல்லோரும்தான். யாராவது மேசையைத் தட்டுகிறார்களா என்று கண்ணாடியோடு ஒட்டி நின்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். தடித்த கண்ணாடி, ஒன்றும் கேட்கவில்லை. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. கதவு திறக்கும்போதுதான் யாரும் லைனிலேயே இல்லையே.

சாயங்காலம் வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எப்படி இவ்வளவு அலுப்பு என்று அவளுக்கே விளங்கவில்லை. கணவர் அவளுக்கும் ஒரு வாளி வெந்நீர் வைத்திருந்தார். "மேனேஜர் அம்மா, காலை நீட்டுங்க" என்று கேலி வேறு. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். திரையில் ஒரே பச்சை. டை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பிரமாதம்மா! ஒரே நாள்ல போன் கால் எண்ணிக்கை எப்படி ஏறியிருக்கு பாத்தீங்களா? எல்லாமே பச்சை! சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க, ஆர்டர் ரெடி."

அவர் போனபிறகு அக்கா திரையைக் கவனித்துப் பார்த்தாள். எண்ணிக்கை ஏன் இப்படி ஏறுகிறது? ஊரில் அத்தனை லிஃப்டும் ஒன்றாகவா நின்றுபோயிற்று? பச்சைக் கட்டங்களில் ஒரே கட்டடத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஹெட்செட்டை மாட்டி அந்த லைனைக் கேட்டாள்.

"வணக்கம், உங்க பேர் என்ன சார்? எத்தனாவது மாடி?" என்று புதுப்பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான் அப்பவே சொன்னேனேம்மா." ஒரு பெரியவரின் குரல், வறண்டுபோய் இருந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னும் எத்தனை பேர்கிட்டம்மா சொல்றது?"

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதர் மணியை அமுக்குகிறார். யாரோ எடுக்கிறார்கள், பெயர் கேட்கிறார்கள், மூன்று நிமிடம் ஆகப்போகிறது, அவள் "முடிங்க" என்கிறாள், வைத்துவிடுகிறார்கள். அவர் பயந்துபோய் மறுபடி அமுக்குகிறார். வேறு யாரோ எடுக்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து பெயர், மாடி. பெட்டிக்குள் ஒரே மனிதர்தான். ஒவ்வொரு தடவை லைனை அறுத்துவிட்டதும் இங்கே ஒரு பச்சை. பிரமாதம் என்று டை வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் போனது இதைத்தான்!

"முதல்ல பேசின பொண்ணு இல்லியா?" என்று பெரியவர் கேட்டார். "அந்தப் பொண்ணு கொஞ்சம் நல்லாப் பேசிச்சு." அதே பெண்தான் இது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. கட்டம் சிவப்பாகப் போகிற நேரம். புதுப்பெண் கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்தாள். முகம் அழுவது போல இருந்தது.

அக்கா லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் பேசறேன். இனிமே ஆள் மாறாது. கதவு திறக்கிற வரைக்கும் நான்தான்."

"நிஜமாவா?"

"நிஜமா. முதல்ல செருப்பைக் கழட்டி அது மேல உக்காருங்க. கையில என்ன வச்சிருக்கீங்க?"

"குப்பைம்மா. குப்பையைப் போட்டுட்டு வரலாம்னு இறங்கினேன். போனைக் கூட எடுக்கல. இப்ப இந்த நாத்தத்தோட மாட்டிக்கிட்டேன்."

"பையை இறுக்கி முடிச்சுப் போட்டு அந்த மூலையில வைங்க. அப்படி என்னத்தைப் போட்டு வச்சிருக்கீங்க அதுல?"

"மீன் கழிவு."

"கடவுளே! உங்களை விடுங்க, உள்ள வரப்போற மெக்கானிக்கை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு."

பெரியவர் சிரித்தார். இருமலும் சிரிப்புமாக வந்தது. பிறகு மகனைத் திட்ட ஆரம்பித்தார். "பதினேழாவது மாடியில வாங்கிக் கொடுத்திருக்கான். வியூ நல்லாயிருக்குமாம். அவன் ஃபாரின்ல இருந்துக்கிட்டு எனக்கு வியூ! நான் ஜன்னல் பக்கமே போறதில்லை, தலை சுத்துது." அக்கா உம் கொட்டினாள், எதிர்க்கேள்வி கேட்டாள், அவர் மகனை அவரோடு சேர்ந்து கொஞ்சம் திட்டினாள். திரையில் அவளுடைய கட்டம் எப்போதோ சிவப்பாகிவிட்டிருந்தது. நடுவில் அவர் குரல் இரண்டு தடவை உடைந்தது. "மூச்சு முட்டுது" என்றார். அவள் தானும் சத்தமாக மூச்சை இழுத்துவிட்டுக் காட்ட, அவரும் அதே மாதிரி இழுத்து விட்டார்.

மதியம் போய்ச் சாயங்காலமாகும் வேளையில் அந்தக் குரல் விரிந்தது. "ஐயா, கையைக் கொடுங்க" என்று தூரத்தில் யாரோ சொல்வதும், "உவ்வே, என்ன நாத்தம்!" என்பதும் கேட்டன. பெரியவர் போகிற போக்கில், "வந்துட்டாங்கம்மா, வச்சிடவா?" என்று அவளிடமே அனுமதி கேட்டார்.

அக்கா மேசையைத் தட்டினாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

டையின் அறையில் பதவி உத்தரவு மேசைமேல் இருந்தது. அவர் அதைக் கொடுக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

"இந்த வருஷத்துலயே இவ்வளவு நீளமான போன் கால் வேற இல்ல. அதுவும் மேனேஜர் சீட்டுலேருந்து. மேல என்னை என்ன கேப்பாங்க?"

"சார், ஒரே ஆளு. திரும்பத் திரும்ப அமுக்கியிருக்காரு. நாமதான் வெட்டி வெட்டி விட்டோம்."

"புரியுதும்மா. எனக்குப் புரியாதா?" அவர் டையைக் கொஞ்சம் தளர்த்தினார். அவர் கழுத்தில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும். இனிமே இப்படி எதுவும் நடக்காதுன்னு சொல்லுங்க. இதை எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

சொல்லிவிடலாம்தான். நாலு வார்த்தை. அக்காவுக்கு வெந்நீர் வாளி ஞாபகம் வந்தது, கணவர் தங்கையிடம் கத்தியது ஞாபகம் வந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நடக்கும் சார்" என்றுதான் வந்தது.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உத்தரவை இழுப்பறைக்குள் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வக்கீல்தான் கண்ணாடி அறையில் என்று அப்போதே முடிவாயிற்று. படியிறங்கும்போது வக்கீல் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, உங்க கட்டம் சிவப்பானா நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன்."

"பாக்கணும்டா. 'முடிங்க'ன்னு சொல்லணும். அது உன் வேலை."

"நீங்க முடிப்பீங்களா?"

"மாட்டேன். அது என் வேலை. போ, நாளைக்கு நல்லாத் தூங்கு" என்றாள். முழங்கால் அன்றைக்கு உயிர் போகிற மாதிரி வலித்தது.

வீட்டில் அக்கா வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை, சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவர் போய்க் கேக்கை வாங்கி வந்து மேசையில் வைத்தார். மேல் வரியில் "மேனேஜருக்கு", கீழ் வரியில் "வாழ்த்துகள்". சிவப்பு கிரீமில் கொழுத்த எழுத்து. நல்ல சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சீட்டியடித்துக்கொண்டே தேய்த்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சீக்கிரம் சொல்லு, வர்ற நேரமாச்சு."

"அந்த மேனேஜர் வேலை எனக்கு இல்ல. வேண்டாம்னுட்டேன்."

சீட்டி நின்றது. தேய்ப்புப் பெட்டி காலர் மேலேயே இருந்தது. அக்காதான் எட்டித் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்றார். சத்தம் போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. "நாள் பூரா அடுத்தவன் வீட்டுக்குத் தரை காட்டிக்கிட்டு நிக்கறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ முன்னாடி நிமிர்ந்து உக்காரணும்னு நினைச்சேன். அதுல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருக்கணும். தப்புதாங்க." அழக்கூடாது என்று இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். அந்த நாலு வார்த்தையை என்னால சொல்ல முடியலீங்க."

"எந்த நாலு வார்த்தை?"

அப்போதுதான் அவள் சொன்னாள். பச்சை, சிவப்பு, குப்பைப் பை, பதினேழாவது மாடி, எல்லாவற்றையும். அவர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவள் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளும் சொன்னதில்லை. வெந்நீரில் காலை விட்டுக்கொண்டிருக்கிற மனிதரிடம் இதையெல்லாம் என்னவென்று சொல்வது?

"யாரு அந்தாளு?"

"தெரியாது."

"அப்புறம் வெளிய வந்தாரா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறும். கேட்டதும் மேசையை ஒரு தட்டு தட்டுவோம். ஆள் வந்தாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நானும் தட்டினேன். கண்ணாடிக்குள்ள இருந்தேனா, யாருக்கும் கேக்கல."

அவர் தேய்ப்புப் பெட்டியை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டார், காலரில் லேசாகப் பழுப்புக் கறை. சமையலறைக்குப் போய் ஒரு ஸ்பூனோடு வந்து கேக் முன்னால் உட்கார்ந்தார். மேல் வரியை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினார். சுரண்டியதை வீணாக்க மனசில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார். "மே"யைத் தின்றார், "னே"யைத் தின்றார். அவர் முகத்தைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசல் மணி அடித்தபோது மேலே ஒரு வழுக்கையும் கீழே "வாழ்த்துக"ளும்தான் மிச்சம்.

தங்கை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். கேக்கைப் பார்த்தாள். பேங்கில் எத்தனையோ கையெழுத்தைச் சரிபார்த்த கண் அது.

"என்ன அண்ணா, வெறும் வாழ்த்துகள்னு போட்டிருக்கு? எதுக்குன்னு காணோமே?" பிறகு அண்ணியின் வீங்கிய கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பழக்க தோஷம், வாய் நிற்கவில்லை. "அப்போ அண்ணி, இன்னும் அதே சீட்தானா?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"ஆமா, அதே சீட்தான்" என்றார். அவர் பார்வை டம்ளருக்குப் போகவில்லை. "வெள்ளிக்கிழமை ஒருத்தர் லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு. வெளிய வந்துட்டாரு."

"யாரு? நம்ம சொந்தமா?"

"இல்ல. யாருன்னே தெரியாது."

"அதுக்கா கேக்கு?"

"அதுக்குத்தான்" என்றார். விரலை மடக்கிச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு தட்டினார். ஒரே ஒரு தட்டு. தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன அண்ணா என்று கேட்டாள். அவர் கத்தியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

அக்கா கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் துண்டை வெட்டி அவருக்குத்தான் கொடுத்தாள். அவர் வயிறு ஏற்கெனவே கிரீமால் நிறைந்திருந்தது, ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டார்.